ஆணியில் தொங்கிய சிவப்பு வளையல்

எங்கள் குடியிருப்பின் பூங்காவில் சாயங்காலம் வந்து உட்காரும் பெண்களுக்கு என் வலது கை ஒரு விடுகதை. நெற்றியில் பொட்டில்லை, கழுத்தில் ஒன்றுமில்லை, காதில் பேருக்கு ஒரு தோடு. ஆனால் மணிக்கட்டில் மட்டும் தடியாக, மிளகாய்ப்பழச் சிவப்பில் ஒரு பிளாஸ்டிக் வளையல். புனே நகரத்தின் இந்த வாகட் பக்கம் என்னதான் கட்டடங்கள் உயர்ந்தாலும், புருஷனை இழந்தவள் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கிற கண்கள் உயரவில்லை. புதிதாகக் குடிவந்த ஒருத்தி ஒருநாள் துணிந்து இந்தியில் கேட்டே விட்டாள். இரத்தக் கொதிப்பு இறங்குவதற்கு டாக்டர் கொடுத்தது என்றேன். அடுத்த வாரம் அவள் கையிலும் ஒரு சிவப்பு வளையல் இருந்தது. கொதிப்பு இறங்கியதா என்று நான் கேட்கவில்லை.

இந்த வளையலை வாங்கியது என் மருமகள். கோபிச்செட்டிப்பாளையத்துப் பக்கத்திலிருந்து என் மகனைக் கட்டிக்கொண்டு வந்தவள். நாங்கள் அதற்கு வெகுகாலம் முன்பே புனேவுக்கு வந்துவிட்டோம். என் வீட்டுக்காரருக்கு இராணுவக் கிடங்கில் வேலை. ஏரவாடாவில் ஒரே அறையில் குடித்தனம் நடத்தி, மகனைப் படிக்க வைத்து, அவன் சம்பாத்தியத்தில் வாகடில் லிஃப்ட் வைத்த வீட்டுக்கு ஏறினோம். மருமகளுக்கு ஹிஞ்சேவாடியில் ஒரு கம்பெனியில் வேலை. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பாள். சி என்கிற கம்ப்யூட்டர் மொழியில் ஒரே புரோகிராமுக்குள் பல வேலைகளை ஒரே சமயத்தில் ஓட விடுவது எப்படி என்பதுதான் அவள் எடுத்த பாடம். அப்படி ஓடுகிற ஒவ்வொரு வேலைக்கும் த்ரெட் என்று பெயர். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், மறுநாள் எடுக்கப்போகிற பாடத்தை முந்தின நாள் சாயங்காலம் சமையலறையில் என்னிடம்தான் ஒப்பிப்பாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன். உங்களுக்குப் புரிந்தால் அவர்களுக்கும் புரியும் அத்தை என்பாள். அப்படியென்றால் உன் பிள்ளைகள் கதி அதோகதிதான் என்பேன். சிரித்துக்கொண்டே தொடங்குவாள்.

நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தாள். புரோகிராம் என்பது ஒரு வீடு, த்ரெட் என்பது அதில் வேலை செய்கிற ஆள். முதலில் வீட்டில் இருப்பது மெயின் என்கிற பெரிய ஆள் ஒருவர்தான். அவர்தான் மற்றவர்களைக் கிளப்பிவிடுவார். கிளப்பிவிட்டவர், எல்லோரும் முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்காமல் தன் வேலை முடிந்தது என்று அவர் எழுந்து போய்விட்டால், மற்றவர்கள் செய்துகொண்டிருந்தது அப்படியே பாதியில் நின்றுபோகும், ஒரு சத்தம்கூட வராது, புதுப்பிள்ளைகள் எல்லோரும் செய்கிற முதல் தப்பே அதுதான் என்றாள். "உன்ற மாமனாராட்டம்னு சொல்லு அம்மணி. அவரு கையக் கழுவுனா பந்தியே முடிஞ்சுது, நாம இன்னும் ரசத்துக்கே வந்திருக்க மாட்டோம்" என்றேன். அவர் கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது அவருக்குப் பேச்சு இருந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு வசவு வந்தது.

இன்னொரு நாள் உப்புப் பாடம். அந்தப் பெயர் நான் வைத்தது. இரண்டு த்ரெட் ஒரே இடத்தில் இருக்கிற ஒரே எண்ணைப் பார்க்கின்றன. இரண்டும் அதோடு ஆளுக்கு ஒன்றைக் கூட்ட வேண்டும். ஒன்று பார்த்துவிட்டு எழுதுவதற்குள் இன்னொன்றும் பார்த்துவிடுகிறது. இரண்டும் பழைய எண்ணையே பார்த்ததால் இரண்டு கூட வேண்டிய இடத்தில் ஒன்றுதான் கூடுகிறது. இதை அவள் இரண்டு மூன்று விதமாகச் சொல்லியும் என் மண்டையில் ஏறவில்லை. கடைசியில் நானே கேட்டேன். குழம்பில் உப்பில்லை என்று நான் ருசி பார்க்கிறேன், நான் உப்பு ஜாடியை எடுப்பதற்குள் நீயும் ருசி பார்க்கிறாய், நானும் போடுகிறேன், நீயும் போடுகிறாய், அதுதானே என்றேன். கையிலிருந்த கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். அதேதான், அங்கே ஒன்று குறைகிறது, குழம்பில் ஒன்று கூடுகிறது, தப்பு ஒன்றுதான் என்றாள். "என்ற மாமியா காலத்துலயே இது இருந்துச்சு. அப்ப அதுக்குப் பேரு சண்டை" என்றேன்.

அதற்கு அவர்கள் கண்டுபிடித்திருக்கிற வைத்தியம் ஒரு பூட்டு. அந்த எண்ணைத் தொட வேண்டியவன் முதலில் பூட்டைக் கையில் எடுக்க வேண்டும், வேலை முடிந்ததும் அதை விட்டுவிட வேண்டும். அது ஒருவன் கையில் இருக்கும்வரை மற்றவர்கள் ஓரமாக நிற்க வேண்டும். இதில் அவள் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வாள், எனக்குச் சொல்வதுபோல் இல்லாமல் தனக்கே சொல்வதுபோல். எடுக்க யாரும் மறப்பதில்லை, விடத்தான் மறப்பார்கள். அதுவும் வேலை ஒழுங்காக முடிந்தால் மறக்க மாட்டார்கள். ஏதோ ஒன்று குறுக்கே வந்து, நடுவிலேயே வெளியே போகிறார்கள் பாருங்கள், அந்த வழியில்தான் மறப்பார்கள். "வெளிய போற வழி எத்தனை இருக்குதோ, அத்தனையிலயும் நின்னு பூட்ட விட்டுட்டுத்தான் போகோணுமுங்க அத்தை."

அந்த வருஷம் மழைக்காலத்தில் என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. பிழைத்தார், ஆனால் பேச்சு போய்விட்டது. எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுவார். சாப்பிட்டீர்களா என்றாலும் ஆட்டுவார், சாப்பிடவில்லையா என்றாலும் ஆட்டுவார். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்னதற்கெல்லாம் எதிர்ப்பேச்சுப் பேசின மனிதர் இப்போதாவது வழிக்கு வந்தாரே என்று அவர் காதில் சொல்வேன். வாயின் நல்ல பக்கம் மட்டும் சிரிக்கும். பிறகு வலிப்பும் வரத் தொடங்கியது. காலையிலும் இரவிலும் ஒரு மாத்திரை, ஒருவேளைகூடத் தவறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தவறாமல்தான் கொடுத்தோம். தவறாமல் கொடுத்ததில் வந்த வினை, ஒருநாள் காலையில் மருமகள் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள், நான் கீழே காய் வாங்கிவிட்டு வந்து, போட்டீர்களா என்று கேட்டு, அவர் எப்படியோ ஆட்டின தலையை இல்லை என்று எடுத்துக்கொண்டு இன்னொன்று கொடுத்தேன். பொழுது சாயும்வரை அவரை எழுப்ப முடியவில்லை. டாக்டர் எங்கள் மூன்று பேரையும் வரிசையாக நிற்க வைத்துத் திட்டினார்.

வெளியே வந்ததும் மருமகள் சொன்னாள், இது நம் உப்புக்கதைதான் அத்தை என்று. திரும்பி வரும் வழியில் ரிக்ஷாவை நிறுத்தி, ஒரு வளையல் வண்டிக்காரனிடம் இருப்பதிலேயே பெரிய வளையலாகக் கேட்டாள். என் மகன் கையிலும் நுழைய வேண்டுமே. சமையலறையில் மாத்திரை டப்பாவுக்கு மேலே ஒரு ஆணி அடித்து அதில் மாட்டினாள். சட்டம் சுலபம். மாத்திரை கொடுக்கப்போகிறவர் முதலில் வளையலை எடுத்துக் கையில் போட்டுக்கொள்ள வேண்டும். கொடுத்த பிறகு, பக்கத்தில் ஒட்டின கிழமை அட்டையில் அன்றைக்கு நேரே ஒரு கோடு இழுத்துவிட்டு, வளையலைக் கழற்றி ஆணியில் மாட்ட வேண்டும். ஆணி வெறுமையாக இருந்தால் வேறு யாரோ கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள், டப்பாவைத் தொடக்கூடாது. என் மகன் முதல்நாள் அதைப் போட்டுக்கொண்டு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டே வந்தான். புனேவிலேயே பிறந்து வளர்ந்தவன், அவன் தமிழும் பாதி, கூச்சமும் பாதி. கையை முன்னால் கொண்டுவா மகாலட்சுமி, உன் அப்பா பார்க்கட்டும் என்றேன். அவருக்கு அன்று வந்த சிரிப்பை நான் மறக்கவில்லை. சத்தமில்லாமல் தோள் குலுங்கி, கண்ணில் நீர் வழிந்தது. மருமகள் முந்தானையால் துடைத்துவிட்டாள். பல மாதம் அந்தச் சட்டம் வீட்டில் நன்றாகவே ஓடியது. கம்பெனியில்கூட இதை உதாரணமாகச் சொன்னதாகவும், பிள்ளைகள் கைதட்டினதாகவும் சொன்னாள்.

அது தவறின நாளின் காலைப்பொழுது எப்படிப் போனது என்பது எங்கள் மூன்று பேர் சொன்னதையும் ஒட்டவைத்துப் பின்னால்தான் தெரிந்தது. அன்று அவளுக்குப் புது வகுப்பு தொடங்குகிற நாள். நான் கீழே காய் வண்டியில் நின்றிருந்தேன். மகன் குளித்துக்கொண்டிருந்தான். அவள் வளையலை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டு டப்பாவைத் திறக்கப்போன நேரத்தில் போன் அடித்தது. கம்பெனி வண்டி டிரைவர். வண்டியில் மற்றவர்கள் காத்திருக்கிறார்கள், உடனே வராவிட்டால் கிளம்பிவிடுவேன் என்றான். போகிற வழியில் பாலத்தடி நெரிசலில் மாட்டினால் முதல் மணி நேரமே போய்விடும். பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். கையில் வளையல் இருப்பது பெண்ணுக்குத் தெரியுமா? கண்ணாடி வளையல் நாலு, அதோடு இது ஒன்று. மகன் குளித்துவிட்டு வந்து பார்த்தான், ஆணி வெறுமை. அம்மா கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் மேலே வந்து பார்த்தேன், ஆணி வெறுமை. மகன் கொடுத்துவிட்டு வழக்கம்போல வெட்கப்பட்டு வளையலை எங்கேயாவது வீசியிருப்பான் என்று சோபாவுக்குப் பின்னால் தேடினேன். அட்டையில் கோடு இல்லைதான், ஆனால் அவன் கோடு போட மறக்காத நாள் குறைவு. அவரைக் கேட்டேன். தலையை ஆட்டினார்.

மத்தியானம் வலிப்பு வந்தது. கட்டிலிலிருந்து விழுந்து விளிம்பில் தலை அடிபட்டது. பக்கத்து வீட்டு மராட்டிக்காரர்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் சொல்லித்தான் மகனுக்கும் மருமகளுக்கும் தெரிந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் எனக்கு எதிரே ஓடி வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. கழுத்தில் கம்பெனி அட்டை ஆடிக்கொண்டிருந்தது, விரல்களில் பலகையில் எழுதின நீல மை. அந்தக் கையில் சிவப்பு வளையல். அவள் இன்னும் பார்க்கவில்லை, நான்தான் முதலில் பார்த்தேன். என் பார்வை போன இடத்துக்கு அவள் பார்வையும் போனது. ஒரு முகத்திலிருந்து இரத்தம் இறங்குவதை நான் அன்றுதான் நேரில் கண்டேன். வராந்தாவின் மறுகோடியில் மகன் மருந்துக்கடைப் பையோடு வந்துகொண்டிருந்தான். அவனை வளர்த்தவள் நான். அம்மா தப்புச் செய்தால் அவன் மன்னிப்பான். பெண்டாட்டியை மன்னிப்பான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. ஆறுதலுக்குப் பிடிப்பதுபோல் அவள் கையைப் பிடித்தேன். பெரிய வளையல், ஒரே இழுப்பில் வந்துவிட்டது. என் கையில் ஏறிக்கொண்டது.

"அம்மா, சுபே மாத்திரை கிஸ்னே குடுத்தா?" என்று கேட்டான். காலை மாத்திரையை யார் கொடுத்தது என்கிறான், பதற்றத்தில் அவன் தமிழ் இப்படித்தான் இந்தியாக உடையும்.

"நாந்தான் ராசா வளையலப் போட்டுக்கிட்டேன். காய்க்காரன் கூப்புட்டான்னு அப்படியே எறங்கிப் போயிட்டேன். வந்து மறந்துட்டேன்" என்றேன். யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவள் சொல்லிக்கொடுத்த பாடம்தானே, ஆளை மட்டும் மாற்றினேன்.

மறுநாள் அவர் போய்விட்டார். ஒரு மாத்திரை தவறினதால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, எப்படியும் வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அதை யாரும் காதில் வாங்கவில்லை. ஊரிலிருந்து வந்து இறங்கின என் நாத்தனார், மாத்திரை கொடுப்பதற்கு வளையல் போட்டு விளையாடின வீட்டை எந்தச் சீமையிலும் பார்த்ததில்லை என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். என் அண்ணனை இவள் மறந்தே கொன்றுவிட்டாள் என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. என் வாய்க்கு அது கஷ்டமான காரியம். மகன் மட்டும் ஒருநாள் என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, "சோடோ அம்மா, விடு. நீ வேணும்னேவா பண்ணினே?" என்று அழுதான். நிமிர்ந்து பார்த்தேன். கதவோரத்தில் அவள் நின்றிருந்தாள். இன்னொருத்தி தட்டில் சோறு பரிமாறுவதைப் பசித்தவள் பார்ப்பதுபோல், எனக்குக் கிடைத்த மன்னிப்பைப் பார்த்தாள்.

அவளைக் காப்பாற்றிவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். அடுத்த நாள் சமையலறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தபோது, அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நீங்க என்ற தப்ப வாங்கி வெச்சுக்கிட்டீங்க அத்தை. எனக்கு அழுவறதுக்குக்கூட எடமில்லாமப் பண்ணிப்போட்டீங்க."

வளையலை முழங்கைப் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டு நான் கீரையை எடுத்தேன்.

கருமாதியன்று பெண்கள் கூடத்தில் என்னை உட்கார வைத்தார்கள். பூ வைத்து எடுத்தார்கள், தாலியைக் கழற்றினார்கள், கண்ணாடி வளையல்களை உடைத்தார்கள். கடைசியில் சிவப்பு வளையல் மட்டும் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நான் அதைக் கழற்றவே இல்லை. கழற்றினால் அது எங்கே போகும் என்று எனக்குத் தெரியும், அவள் கைக்குப் போகும். நாத்தனார் அதையும் உடைக்கப் பார்த்தாள். பிளாஸ்டிக், உடையவில்லை. இதுகூட உன் அம்மாளைப்போலத்தான், எதற்கும் அசையாது என்று என் மகனைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே பிடித்து இழுத்தாள். அப்போது மருமகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அத விடுங்க சித்தி. அன்னிக்குக் காலைல அது அத்தை கையில இருந்ததே இல்ல. என்ற கையில இருந்துச்சு."

குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் சொல்வதுபோல வரிசையாகச் சொன்னாள். போன் அடித்தது, டப்பாவைத் திறக்கவில்லை, ஓடியது, வகுப்பில் அன்று முழுக்க அந்தக் கையாலேயே பலகையில் எழுதியது, பூட்டை விட மறக்கக்கூடாது என்று அன்றும் சொன்னது. வராந்தாவில் நான் உருவிக்கொண்டது. எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்த பிறகு, அத்தனை பேர் நடுவில், முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். நாத்தனார் என் கையை விட்டுவிட்டாள். என் மகன் எழுந்து பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

வராந்தாவில் நான் போட்ட கணக்கு தப்பவில்லை. அடுத்த மழைக்காலம் வந்து போகும்வரை அவன் அவளோடு நேராகப் பேசவில்லை. அவளைக் கேளும்மா, அவளிடம் சொல்லும்மா என்று எல்லாம் என் வழியாகவே போய் வந்தது. ஒரே மேஜையில் உட்கார்ந்து, ரசம் வேண்டுமா என்று என்னைப் பார்த்து அவளைக் கேட்பான். இரண்டு பேருக்கு நடுவில் நின்று செய்தி சுமக்கிற வேலை. சம்பளம் கிடையாது, லீவு கிடையாது. வேடிக்கையாகச் சொல்லிப் பார்ப்பேன். இரண்டு பேரும் சிரிக்க மாட்டார்கள். பந்தியை முடித்து வைக்கிறவர் எழுந்து போய்விட்டார். மிச்சம் இருந்த நாங்கள் பாதியில் நின்றிருந்தோம். ஒரு நாள் குளியலறையிலிருந்து, துண்டு வேண்டும் என்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். வாய் தவறித்தான் கூப்பிட்டிருப்பான். நானும் அவளும் கையில் வேலையோடு அப்படியே நின்றோம். பிறகு அவள் துண்டை எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு பேச்சு வந்தது, கொஞ்சம் கொஞ்சமாக. குழந்தையும் பிறந்தது. பழையபடி ஆயிற்று என்று நான் சொல்ல மாட்டேன்.

பாடம் எடுப்பதை அவள் விட்டுவிட்டாள். கம்பெனியிலேயே வேறு பிரிவு கேட்டு வாங்கிக்கொண்டாள். மற்றவர்கள் எழுதினதில் தப்புத் தேடுகிற வேலை. என்ன தப்பு தேடுகிறாய் என்று ஒருமுறை கேட்டேன். எடுத்துவிட்டு விடாமல் போனதைத் தேடுகிறேன் என்றாள். சாயங்காலங்களில் சமையலறைக்கு வருவாள், கீரை ஆய்வாள். ஒப்பிக்க எதுவும் இருக்காது.

இப்போது எனக்கே மாத்திரைகள் வந்துவிட்டன. கிழமைக்கு ஒரு அறை வைத்த பிளாஸ்டிக் டப்பா கடைகளில் விற்கிறது. அறையில் மாத்திரை இருந்தால் போடவில்லை, இல்லாவிட்டால் போட்டாயிற்று. பார்த்தாலே தெரிந்துவிடும், ஆணியும் வேண்டாம், வளையலும் வேண்டாம். ஆனால் கருமாதியன்று நாத்தனார் விட்ட கையில் இந்த வளையல் அப்படியே தங்கிவிட்டது. அது ஆணிக்குத் திரும்பிப் போவதை நான் விரும்பவில்லை, அவள் கைக்குப் போவதையும் விரும்பவில்லை. அவள் வேறு வளையல்களையும் அன்றோடு விட்டுவிட்டாள். கண்ணாடி, தங்கம், எதுவும் கிடையாது. புருஷன் உள்ளவள் கையைப் பார், மொட்டையாக இருக்கிறது, புருஷன் இல்லாதவள் சிவப்பு வளையல் போட்டுக்கொண்டு திரிகிறாள், அந்த வீட்டில் எல்லாம் தலைகீழ் என்று பூங்காவில் பேசுவதாகக் கேள்வி. தலைகீழ்தான், யார் இல்லை என்றார்கள்.

தினமும் காலையில் கீழே கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கும். அவள் ஓடுவதில்லை. என் டப்பாவில் அன்றைய அறையைத் திறந்து காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுவாள். வாசலில் நின்று திரும்புவாள். இரண்டு கையையும் தூக்கி, மணிக்கட்டை இப்படியும் அப்படியும் திருப்பி எனக்குக் காட்டுவாள். சொல்லி வைத்துக்கொண்டதில்லை, என்றைக்குத் தொடங்கினாள் என்பதும் நினைவில்லை. கீழே மறுபடியும் ஹாரன் அடிக்கும். நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே வலது கையைத் தூக்கி, வளையலை ஆட்டிக் காட்டுவேன்.

"இங்கதான் இருக்குது அம்மணி. நீ போயிட்டு வா."